மினெர்வா தலையும் டைமன் கட்டமும்: வாசகர் கேள்வி பதில்

பழைய பிரெஞ்சு வெள்ளிச் சாமான்களைப் பற்றிக் கேட்டு பெங்களூரிலிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக் கடிதங்கள் புதுச்சேரியில் வேர் உள்ள குடும்பங்களுடையவை. பிரெஞ்சு அரசில் உத்தியோகம் பார்த்தவர்களும் சைகோன் போய்த் திரும்பியவர்களும் கொண்டுவந்த பெட்டிகள் இன்று அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் பரணில் கிடக்கின்றன. மீதி, கன்டோன்மென்ட் பங்களா காலி செய்யும்போதும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் வாங்கியவர்கள் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன மரப்பெட்டியில் 12 பெரிய கரண்டி, 12 முள்கரண்டி இருக்கின்றன. ஒவ்வொன்றின் காம்பிலும் பொடியாக ஒரு தலை உருவம், பக்கத்தில் ஏதோ எழுத்து. சிக்பேட்டையில் காட்டினால், "92.5 போடவில்லையே, ஜெர்மன் சில்வராகத்தான் இருக்கும்" என்கிறார்கள், அதாவது வெள்ளியே சேராத கலப்பு உலோகமாம். எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, அல்சூர்

92.5 என்ற எண்ணைத் தேடினால் பழைய பிரெஞ்சு வெள்ளியில் கிடைக்காது. அது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்ற இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் கணக்கு, நம் கடைகளுக்குப் பழகிப்போனது. பிரான்சில் 1838 மே 10 முதல் வேறு முறை. தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவதையின் முகம், வலப்பக்கம் பார்த்தபடி இருக்கும். கூடவே 1 அல்லது 2 என்ற இலக்கம். 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங்கைவிட ஒரு படி மேல். 2 என்றால் 800.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் வெள்ளி கண்ணைக் கூசவைக்கும், ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், மேசைமட்டத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் உருவத்தைப் பார்க்காதீர்கள், அதைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பாருங்கள். நூறு வருஷம் தேய்த்துக் கழுவியதில் மூக்கும் கவசமும் மழுங்கிப் போயிருக்கும். பள்ளத்தின் விளிம்பு மட்டும் கடைசிவரை நிற்கும். மினெர்வா 1-க்கு மூலைகள் வெட்டிய எட்டுப் பக்கச் சட்டம், இலக்கம் நெற்றிக்கு முன்னால் இருக்கும். மினெர்வா 2-க்குச் சட்டத்தின் பக்கங்கள் வளைந்திருக்கும், இலக்கம் தாடைக்குக் கீழே வரும். இலக்கம் அழிந்துபோனாலும் அது எந்த இடத்தில் இருந்திருக்கும் என்பதையும் சட்டத்தையும் வைத்தே தரத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது நீங்கள் "ஏதோ எழுத்து" என்று சொன்னது. அது செய்தவரின் முத்திரை. சீட்டுக்கட்டில் வரும் டைமன் மாதிரி, நின்றோ படுத்தோ இருக்கும் சாய்சதுரம். அதற்குள் பட்டறைக்காரரின் பெயர் எழுத்துகளும் அவருக்கென்று ஒதுக்கிய ஒரு சின்னமும் இருக்கும்: நட்சத்திரம், நங்கூரம், சாவி என்று எதுவாகவும் இருக்கலாம். 1797-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்த வடிவம் மாறவில்லை. புகழ்பெற்ற ப்யுய்ஃபோர்கா பட்டறையை எடுத்துக்கொண்டால், ஈ, பி என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு பேனாக்கத்தி இருக்கும். யாருடைய எழுத்து என்று தேடும்போது எழுத்தைவிட இந்தச் சின்னம்தான் உதவும், ஏனென்றால் ஒரே எழுத்துகள் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள்.

மினெர்வாவை அடிப்பது அரசின் சோதனை அலுவலகம், டைமனை அடிப்பது பட்டறை. இரண்டும் சேர்ந்து இருந்தால் கெட்டி வெள்ளி. டைமனுக்குப் பதிலாக நாலு பக்கமும் சமமான சதுரம் இருந்தால் அது முலாம் பூசியது. 1797-ஆம் ஆண்டின் அதே அரசுச் சட்டம்தான் முலாம் சாமானுக்குச் சதுரத்தை ஒதுக்கிவைத்தது.

இன்னொரு சோதனை உண்டு. நம் ஊர்க் கடைகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. பிரெஞ்சு அலுவலகத்தில் முத்திரை அடிக்கும்போது சாமானை வெறும் பட்டறைக்கல்லில் வைக்கமாட்டார்கள். பூச்சிகளின் உருவங்களை நுண்மையாகச் செதுக்கிய எஃகு அடைகல்லின் மேல் வைத்துத்தான் அடிப்பார்கள். அதனால் மேலே மினெர்வா பதியும் அதே நொடியில், அடிப்பக்கத்தில் பூச்சியின் காலும் இறக்கையும் கோடுகோடாகப் பதியும். இதற்குப் பெயர் பிகோர்ன். உங்கள் கரண்டியில் மினெர்வா காம்பின் பின்பக்கம் இருந்தால், அதற்கு நேர் எதிரே முன்பக்கத்தில் லென்ஸை வையுங்கள். பார்க்கச் சிராய்ப்பு மாதிரி இருக்கும், ஆனால் கோடுகள் ஒழுங்காக ஓடும். தினமும் துலக்கிய கரண்டியில் இது மறைந்துபோயிருக்கலாம், அதனால் இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்டக் கூடாது. இருந்தால் அது நல்ல சாட்சி. அச்சில் வார்த்த போலியில் மினெர்வா வந்தாலும், எதிர்ப்பக்கம் பூச்சியின் நுண்ணிய கோடுகள் தெளிவாக வருவது அரிது.

இருபத்து நாலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொலைந்த ஒன்றுக்குப் பதில் முலாம் கரண்டி ஒன்று எப்போதோ உள்ளே நுழைந்திருப்பது பழைய பெட்டிகளில் சகஜம்.

கேள்வி: என்னிடமுள்ள முள்கரண்டிகளில் "கிறிஸ்தோஃபிள்" என்று பெயரும் 84 என்ற எண்ணும் இருக்கின்றன. 84 சதவீத வெள்ளி என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், இந்திரா நகர்

கூடாது. பெங்களூரில் அதிகம் பேர் ஏமாறுகிற எண் இதுதான். பிரெஞ்சு முலாம் சாமானில் 84 என்பது கிராம். 12 கரண்டி, 12 முள்கரண்டி கொண்ட ஒரு செட்டின் மேல் மொத்தம் 84 கிராம் வெள்ளி படியவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபத்து நாலால் வகுத்தால் ஒன்றுக்கு மூன்றரை கிராம். முலாமின் கனம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு தேறலாம். உள்ளே இருப்பது நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி ஒரு துளிகூட இல்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் ரஷ்யா. அங்கே 84 என்பது ஸொலோத்னிக் என்ற பழைய ரஷ்ய எடை அலகின் கணக்கு, 96-க்கு 84, அதாவது 875 தரக் கெட்டி வெள்ளி. இணையத்தில் 84 என்று மட்டும் தேடினால் ரஷ்ய வெள்ளிதான் முதலில் வந்து நிற்கும்.

கிறிஸ்தோஃபிள் நிறுவனம் மின்முலாம் பூசும் உரிமையை 1842-இல் பிரான்சில் பெற்று, அந்தத் தொழிலைப் பெரிதாக வளர்த்தது. அவர்களே கெட்டி வெள்ளியும் செய்திருக்கிறார்கள்; அதில் மினெர்வாவும் டைமனும் இருக்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "மெத்தால் பிளாங்", "ரூல்ஸ்", "அல்ஃபெனிட்" என்று பிரெஞ்சு எழுத்தில் இருந்தாலும் முலாம் அல்லது வெறும் உலோகம்தான்.

கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. கரண்டியை மேசையில் வைத்தால் அடியில் தொடும் இடத்தையும் முள்கரண்டியின் முள் நுனிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே லேசாக மஞ்சளோ சாம்பலோ தட்டினால் முலாம் தேய்ந்து அடி உலோகம் எட்டிப் பார்க்கிறது. முலாம் என்பதால் தூக்கிப் போட வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள முழு செட் சாப்பாட்டு மேசைக்காக விலை போகும். எடைக்கு விற்றால்தான் ஒன்றும் தேறாது.

கேள்வி: குட்டி உப்புக் கரண்டியும் ஒரு சிமிழும் இருக்கின்றன. மினெர்வா எங்கும் இல்லை. பூச்சி மாதிரி ஏதோ தெரிகிறது. – வாசகி, ஃப்ரேசர் டவுன்

சின்னச் சாமானில் பெரிய முத்திரை அடிக்க இடமிருக்காது, அடித்தால் நசுங்கும். அதற்கென்றே 1838-இல் சிறு முத்திரைகள் வந்தன. பாரிஸ் அலுவலகம் காட்டுப்பன்றித் தலையை அடித்தது, மற்ற ஊர்கள் நண்டை அடித்தன. 1962-இல் பன்றி நின்றுபோய், பிறகு எல்லா இடத்திலும் நண்டுதான். இரண்டுமே 800-க்குக் குறையாது என்ற உத்தரவாதத்தை மட்டும் தரும். 950-ஆ 800-ஆ என்று சொல்லாது. பன்றித் தலையில் நீண்ட மூக்கைத் தேடுங்கள், நண்டில் இரண்டு பக்கமும் பிரியும் கால்களைத் தேடுங்கள்.

பூச்சி என்று நீங்கள் சொல்வது நண்டாகவே இருக்கலாம். நீள மூக்குள்ள வண்டாக இருந்தால் கதை வேறு: அது வெளிநாட்டில் செய்து பிரான்சுக்குள் வந்த வெள்ளிக்கான முத்திரை, 1864 முதல் புழக்கத்தில் உண்டு. நீள்வட்டத்துக்குள் அன்னம் தெரிந்தால், எங்கே செய்தது என்று தெரியாத, பிரான்சில் ஏலத்துக்கோ விற்பனைக்கோ வந்த சாமானுக்கு 1893 முதல் அடித்தது. அன்னத்தையும் வண்டையும் பார்த்துவிட்டு "பிரெஞ்சு வெள்ளி" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளி என்பது உண்மை, பிரெஞ்சு என்பதற்கு அந்த முத்திரை சாட்சி ஆகாது. மேலே சிறகு முளைத்த தொப்பியுடன் ஒரு தலை இருந்தால் அது ரோமானியத் தேவன் மெர்க்குரி, ஏற்றுமதிக்காக அடித்தது.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் வெள்ளிதானே? – வாசகர், கே.ஆர். புரம்

ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. காந்தத்தால் தெரிவது கத்தியின் இரும்பு அலகு மட்டும். அதைவிட நல்ல சோதனையை வீட்டிலேயே செய்யலாம், காசும் குறைவு.

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. முள்கரண்டியைத் தனியாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர் நிரம்பிய உயரமான டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கரண்டியை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் முங்கும்படி பிடியுங்கள். அப்போது காட்டும் கிராமே அதன் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 950 வெள்ளிக்கு 10.4 வரும், 800-க்கு 10.1, ஜெர்மன் சில்வருக்கு 8.7 அளவில் நிற்கும். 82 கிராம் முள்கரண்டி என்றால் கெட்டி வெள்ளியில் தண்ணீர் எடை சுமார் 7.9 கிராம், ஜெர்மன் சில்வரில் 9.4. இந்த வித்தியாசம் தப்பவே தப்பாது.

எங்கே தப்பும் என்றால், ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழில். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குமிழ் நிற்கும், எடை கூடுதலாகக் காட்டும், நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தண்ணீரிலும் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். 925-ஐயும் 950-ஐயும் இதில் பிரிக்க முடியாது, இரண்டுக்கும் வித்தியாசம் 0.04 மட்டும். உள்ளே கூடாக இருக்கும் பிடிகளுக்கும் மெழுகுவத்தித் தாங்கிகளுக்கும் இந்தச் சோதனை செல்லாது.

உரசி அமிலம் விடும் சோதனையை வீட்டில் வேண்டாம் என்போம். வெள்ளிக்கான அமிலத்தில் நைட்ரிக்கோடு டைகுரோமேட்டும் சேர்ந்திருக்கும், இரண்டும் கைக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. அதோடு, மேற்பரப்பில் சொட்டு விட்டால் முலாமும் கெட்டி வெள்ளி போலவே ரத்தச் சிவப்புதான் காட்டும். உண்மை தெரிய அரம் போட்டு உள்ளே தோண்ட வேண்டும், தோண்டிய சாமானின் மதிப்பு அங்கேயே இறங்கிவிடும்.

கேள்வி: வெள்ளிக் காபி ஜாடி ஒன்று. பாத்திரத்தில் ஒரு எழுத்து ஜோடி, மூடியில் வேறு. பிடி கருப்பு மரம், அதன் இரண்டு முனையிலும் வெள்ளை வளையம். – வாசகர், ஜெயநகர்

பிரெஞ்சு முறையில் கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்துக்கும் தனி முத்திரை உண்டு. பாத்திரத்தில் பெரிய மினெர்வா இருந்தால், மூடியிலோ மூடியின் விளிம்பிலோ சிறு முத்திரையும் அதே பட்டறையின் டைமனும் இருக்க வேண்டும். எழுத்து வேறாக இருந்தால் வேறு ஜாடியின் மூடியைப் பொருத்தியிருக்கிறார்கள். மூடி உட்காரும் விதத்திலும் தெரியும்: சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக இல்லாமல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் ஆடும். அலங்காரக் கோடுகள் மூடியிலும் உடலிலும் ஒரே கையாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஜோடி மாறிய ஜாடியை முழு ஜாடியாக விலை பேச முடியாது.

வெள்ளை வளையம்தான் முக்கியம். சூடு பிடிக்கு ஏறாமல் இருக்க நடுவில் வைத்த தடை அது, பெரும்பாலும் யானைத்தந்தம். லென்ஸில் குறுக்கும் நெடுக்குமாக வலைப்பின்னல் கோடு தெரிந்தால் தந்தம். எலும்பில் அந்தக் கோடு வராது, பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். தந்தமாக இருந்தால் இந்தியாவில் அதை விற்கவோ வாங்கவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, வளையம் எவ்வளவு சிறிதானாலும் சரி, ஆப்பிரிக்கத் தந்தமானாலும் சரி. விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடமோ வழக்கறிஞரிடமோ விசாரியுங்கள். வளையத்தை நீங்களே கழற்றி எறியப் பார்த்தால், துளையில் குத்தியிருக்கும் ஆணி உடைந்து பிடியும் கையோடு வந்துவிடும்.

கேள்வி: கிரீடமும் அல்லிப்பூவும் எழுத்தும் பதித்த ஒரு வெள்ளிக் கூடை. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்தது என்று விலை சொல்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், மல்லேஸ்வரம்

முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பாரிஸ் வெள்ளியில் பொதுவாக நாலு முத்திரை இருக்க வேண்டும். செய்தவருடையதில் மேலே கிரீடமிட்ட அல்லிப்பூ, பெயர் எழுத்துகள், ஒரு சின்னம், இரண்டு சிறு புள்ளிகள். அந்தக் காலப் பாரிஸ் தரம் 12-க்கு 11½ பங்கு, இன்றைய கணக்கில் 958. அதில் கிரேன் என்ற சிறு அளவில் இரண்டு குறைந்தால் மன்னிக்கலாம் என்ற சலுகையைக் குறிப்பவைதான் அந்தப் புள்ளிகள். அடுத்து, பொற்கொல்லர் சங்கத்தார் ஆண்டுதோறும் மாற்றிய, கிரீடமிட்ட எழுத்து. அடுத்து, வேலை அரைகுறையாக இருக்கும்போதே வரிக்காரர் அடித்த முத்திரை. கடைசியாக, வரி கட்டி முடிந்ததற்கான பொடி முத்திரை. நாலும் ஒரே காலத்துக்கு ஒத்துப்போக வேண்டும். ஆண்டு எழுத்தும் வரி முத்திரையும் வேறு வேறு காலத்தைக் காட்டினால் கதை முடிந்தது.

அந்தக் காலத்து வெள்ளியில் பெரும்பாலானது உருகிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பதினான்காம் லூயி 1689-இலும் 1709-இலும், பதினைந்தாம் லூயி 1759-இலும் போர்ச்செலவுக்காக வெள்ளியை நாணயசாலைக்கு அனுப்பச் சொன்னார்கள். புரட்சியில் இன்னும் போயிற்று. மிஞ்சியது குறைவு, அது பெங்களூர்ச் சந்தைக் கடைக்கு வந்துசேர்வது அதைவிடக் குறைவு.

நீங்கள் பார்த்தது ஜெர்மனியின் ஹனாவ் நகரத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-இன் தொடக்கத்திலும் அங்குள்ள பட்டறைகள் பழைய பாணியில் செய்து, பழைய பிரெஞ்சு முத்திரைகளைப் போலவே கற்பனையாக அடித்தன. குழந்தைத் தேவதைகள், பூச்சரம், ஓட்டை வேலைப்பாடு என்று கூடைகள் அவர்களுக்குப் பிடித்த சரக்கு. அந்த முத்திரைகள் வரிசையாக, ஒரே அழுத்தத்தில், தெளிவாக நிற்கும். நிஜமான பழைய முத்திரைகள் வேறு வேறு நாளில் வேறு வேறு கை அடித்தவை. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று பாதிதான் விழுந்திருக்கும். ஓரத்தில் 800 என்ற எண்ணோடு பிறையும் கிரீடமும் தெரிந்தால் ஜெர்மனி என்பது உறுதி. அதுவும் நிஜ வெள்ளிதான், அழகான வேலைதான். ஹனாவ் விலைக்கு வாங்கலாம்.

நிஜ முத்திரையை வெட்டி எடுத்துப் புதுச் சாமானின் அடியில் பற்றவைக்கும் வேலையும் உண்டு. முத்திரையைச் சுற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படிந்து விலகும் நொடியில் பற்றவைத்த கோடு வட்டமாகத் தெரிந்து மறையும்.

கேள்வி: விற்கலாம் என்று இருக்கிறோம். நியாயமான விலையை எப்படிக் கணக்குப் போடுவது? – வாசகி, கோரமங்கலா

முதலில் தரைவிலை. எடையை 0.95-ஆல் (மினெர்வா 2 என்றால் 0.8-ஆல்) பெருக்கினால் சுத்த வெள்ளி. 24 உருப்படி, தலைக்கு 82 கிராம் என்றால் 1,968 கிராம். சுத்த வெள்ளி சுமார் 1,870 கிராம். அன்றைய சுத்த வெள்ளி விலையால் இதைப் பெருக்குங்கள். இதற்குக் கீழே யார் கேட்டாலும் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடலாம், உருக்கும்போது ஆகும் நியாயமான சேதாரம் தவிர. "பழைய வெள்ளி" என்று பொதுவாக ஒரு விலை சொல்லும் கடையில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். 950-ஐ 92.5 என்று போட்டால், மேலே சொன்ன எடையில் கிட்டத்தட்ட 49 கிராம் வெள்ளி உங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.

கத்திகளை எடையில் சேர்க்காதீர்கள். அலகு எஃகு, பிடி மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே நிரப்பியிருப்பது அரக்கு அல்லது பிசின். நூறு கிராம் கத்தியில் வெள்ளி எவ்வளவு என்று உடைக்காமல் சொல்ல முடியாது.

எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைப் படிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள ஹால்மார்க் மையத்தில் காட்டுங்கள், சாமானுக்குக் காயம் ஏற்படாது. ஆனால் ரசீதில் வெள்ளியின் அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். கருவி மேல்தோலைத்தான் படிக்கும். புது முலாமில் 99-க்கு மேல் காட்டும். சுத்தமான வெள்ளியில் யாரும் கரண்டி செய்வதில்லை, அதனால் அந்த எண்ணே சந்தேகத்துக்குக் காரணம். நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்து தலைகாட்டினால் ஜெர்மன் சில்வர். பலமுறை அமிலத்தில் வெளுத்த பழைய வெள்ளியில் மேல்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோயிருப்பதால், தரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். தேய்ந்த இடம் ஒன்று, தேயாத இடம் ஒன்று என்று குறைந்தது இரண்டு இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

தரைவிலைக்கு மேல் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பட்டறையின் பெயர், காலம், முழுமை, நிலை. சேவல் முத்திரை 1798 முதல் 1819 வரை, கிழவர் தலை 1819 முதல் 1838 வரை. இவை மினெர்வாவுக்கு முந்தியவை என்பதால் மதிப்பு கூடும். மினெர்வா கரண்டிகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. சாதாரணக் கோட்டு வேலையும் பெயர் தெரியாத பட்டறையும் என்றால், தரைவிலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரிய பட்டறை, பன்னிரண்டு பேருக்கான முழு செட், ஒரிஜினல் பெட்டி என்றால் எடைக்கு விற்பது பாவம்.

நிலை பார்க்கும்போது முள்கரண்டிகளை அடுக்கி, முள் நுனிகளைச் சேர்த்துப் பாருங்கள். நீளம் குறைந்தது தனியாகத் தெரியும். கரண்டியின் நுனி இடப்பக்கம் சரிந்து தேய்ந்திருக்கும், வலக்கையால் சாப்பிட்டவர்கள் சுரண்டிய அடையாளம். குடும்ப எழுத்து பொறித்திருந்தால் விலை கொஞ்சம் குறையும். அதை அழித்தால் இன்னும் குறையும்: உலோகம் அந்த இடத்தில் மெலிந்து, விரலால் அழுத்தினால் தகரம்போல் உள்வாங்கும். ஈயப் பற்றவைப்பு சாம்பல் திட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஆசாரி நெருப்பு காட்டினால் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும்.

விற்கும்போது ஒரு வார்த்தை: 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

கேள்வி: அதே பெட்டியில் பெரிய வெள்ளி நாணயங்கள், "பியாஸ்தர்" என்று. – வாசகர், காக்ஸ் டவுன்

பிரெஞ்சு இந்தோசீனத்து (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) நாணயம். இதற்கு முத்திரை தேடவே வேண்டாம், தரமும் எடையும் நாணயத்திலேயே பிரெஞ்சில் எழுதியிருக்கும்: 0,900, 27 கிராம். 1895 முதல் 1928 வரையிலானவை இந்த எடை. நிறுத்துப் பாருங்கள், தேய்மானத்தில் அரை கிராம் குறையலாம், 24 கிராம் என்றால் போலி. போலிகள் ஏராளம். தண்ணீர்ச் சோதனையில் நல்ல நாணயம் 2.6 காட்டும். கழுவாதீர்கள், நாணயம் சேகரிப்பவர்கள் பளபளப்பை வெறுப்பார்கள்.

கேள்வி: விபூதி போட்டுத் துலக்கலாமா? – வாசகி, ஸ்ரீராமபுரம்

குத்துவிளக்குக்குச் சரி. முத்திரை உள்ள இடத்தில் விபூதியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், புளியும் வேண்டாம். மினெர்வாவின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. பத்துப் பண்டிகைக்குத் தேய்த்தால் சாட்சியே போய்விடும். சாதாரணக் கரண்டிக்கு, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் சூடான தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஊற்றி, வெள்ளி தாளைத் தொடும்படி இரண்டு நிமிஷம் வைத்தால் கருப்பு இறங்கும். பூவேலை உள்ளதை இதில் போடாதீர்கள், பள்ளத்தில் நிற்கவேண்டிய கருப்பும் போய் வேலைப்பாடு தட்டையாகிவிடும். கத்திகளைப் போடவே கூடாது, பிடிக்குள் தண்ணீர் இறங்கி அரக்கு இளகும்.

எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றுவதுதான் பெரிய கேடு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கருங்கோடாக இறங்கும், பாலிஷ் போட்டாலும் தடம் போகாது. செய்தித்தாளும் வேண்டாம். சாயம் போகாத பருத்தித் துணி போதும். உப்புக் கிண்ணத்தில் உப்பை விட்டுவைத்தால் பச்சை பூத்துக் குழி விழும். அதனால்தான் நல்ல உப்புக் கிண்ணங்களின் உள்பக்கம் தங்க முலாம் பூசியிருப்பார்கள்.

கேள்வி: பாரிசில் ஏலத்துக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்குமாமே? – வாசகர், மர்ஃபி டவுன்

கிடைக்கலாம், ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. பிரான்சில் செய்தது என்ற காரணம் மட்டும் சுங்கத்தில் நிற்காது. உங்கள் சாமான் அந்த வயதுக்கு உட்பட்டதா என்பதில் சந்தேகம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகுதான் கூரியர்க்காரரைக் கூப்பிட வேண்டும். சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது முழுச் சாமானின் படமும், முத்திரையை லென்ஸ் வழியே எடுத்த படமும், எடையும் அளவும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மினெர்வா மட்டும் இருந்தால் காலத்தைக் குறிப்பாகச் சொல்ல முடியாது, அது 1838-இலிருந்து தொடர்ந்து வருவது. டைமனில் உள்ள பட்டறை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இயங்கியது என்பதுதான் வயதைக் குறுக்கிக் காட்டும்.